நாற்பத்தைந்தாவது டைல்

டைல் கடை முதலாளி தவுக்கே லோக் முதல் டைலை மேசைமேல் வைத்தபோது அதில் தெரிந்தது ஒரு மூலையில் கொஞ்சம் இளஞ்சிவப்பும் ஒரு பச்சை இலையும்தான். இரண்டாவதைப் பக்கத்தில் சேர்த்தார். மூன்றாவது, நான்காவது. நான்கும் கூடிய இடத்தில் ஒரு பியோனிப் பூ முழுதாக விரிந்தது.

“பாத்தீங்களா பாபா? தனியா எடுத்தா ஒண்ணுமில்ல. நாலும் சேந்தாத்தான் பூ. கல்யாண வீட்டுக்குன்னே ஜப்பான்காரன் செஞ்சு அனுப்பின மாதிரி இருக்கு.”

கிம் சுவான் அதைத் தொடவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் கறுப்புத் துணிப் பட்டை தைத்திருந்தது. அண்ணன் இறந்து அன்றைக்கு அறுபத்தோராவது நாள்.

“அந்தப் பக்கம் மூடி வச்சிருக்கியே, அது என்ன?”

லோக் தயங்கிக்கொண்டே இன்னொரு நான்கை எடுத்துச் சேர்த்தார். வெள்ளையில் நீலக் கொடியும் நீலப் பூவும். அதே அளவு, அதே நாலு டைலுக்கு ஒரு பூ என்ற கணக்கு.

“உங்க சுவருக்குப் போதுமான சரக்கு இந்த ரெண்டுலதான் இருக்கு. மத்ததெல்லாம் இருபது, முப்பதுன்னு மிச்சம் மீதி. புதுசா கப்பல்ல வரணும்னா மூணு மாசம் லா.”

மூன்று மாதம் அவரிடம் இல்லை. வீட்டில் சாவு விழுந்தால் நிச்சயித்த கல்யாணத்தை நூறு நாளுக்குள் நடத்திவிட வேண்டும். தவறினால் மூன்று வருடத் துக்கம் கழியும்வரை அந்த வீட்டில் மேளம் கிடையாது. மலாக்காவில் பல தலைமுறையாக வேர்விட்ட சீனர்களான பாபாக்களின் எந்த வீட்டிலும் இதற்கு மறுபேச்சு இல்லை. அண்ணனின் ஒரே மகள் குவீ லானுக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. எண்பத்தைந்தாம் நாளைக் கோயிலில் குறித்துக் கொடுத்திருந்தார்கள். ஓங் வீட்டு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே வந்து குடியிருப்பதாகப் பேச்சு. அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லை. கிம் சுவான் மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லாதவர். அந்தப் பையன் படியேறி வந்தால்தான் ஹீரன் தெருவில் சான் குடும்பத்து வீடு இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.

மாப்பிள்ளையும் பெண்ணும் முட்டி போட்டு வணங்க வேண்டிய முன்கூடத்தில், ஒரு பக்கச் சுவர் இடுப்புயரத்துக்கு வெறும் சுண்ணாம்பாக நின்றது.

அதை அப்படி ஆக்கியவர் கிம் சுவானே. நான்கு மாதம் முன்பு சம்பந்தம் பேச ஓங் வீட்டுக்குப் போயிருந்தார். அவர்கள் முன்கூடம் முழுக்கப் புது டைல் பளபளத்தது. அங்கே தேநீர் கொண்டுவந்த ஒரு பெண், “உங்க வீட்டுல இன்னும் அந்தப் பழைய மஞ்சப் பூதானா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டவள் மறந்திருப்பாள். கிம் சுவான் மறக்கவில்லை. மறுநாள் அண்ணன் ரப்பர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்துக் கொத்தனாரை வரவழைத்து, அப்பா காலத்து மஞ்சள் டைல்களை முழுவதும் பெயர்த்துவிட்டார். சாயங்காலம் திரும்பிய அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். குவிந்து கிடந்த உடைசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். மூன்றாவது வாரம் படுத்தார். கடைசிக் காலத்தில் வழக்கப்படி அவரை முன்கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அந்த மொட்டைச் சுவரைப் பார்த்தபடிதான் அவர் கண் மூடியது.

இதைப் பற்றி வீட்டில் யாரும் கிம் சுவானிடம் பேசவில்லை. யாராவது பேசியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றிய நாட்கள் உண்டு.

“என்ன யோசனை?” என்று கடை வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள் கல்யாணத் தரகி பிபிக் தியோ. ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியவள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு மேசைப் பக்கம் வந்தாள். “முகத்தை இப்படி வச்சுக்கிட்டா டைல்ல இருக்கிற பூகூட வாடிரும். இந்தச் சிவப்புதானே? எடுங்க, கிளம்பலாம்.”

“துக்க வீடு, பிபிக்.”

“துக்க வீடுன்னு தெரிஞ்சுதானே பையனைக் குடுக்கிறாங்க! ஓங் வீட்டம்மா என்ன சொல்லி அனுப்பினாங்கன்னு அப்படியே சொல்றேன், ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. ‘என் பையன் நீலச் சுவருக்கு முன்னாடி முட்டி போட மாட்டான். நீலம் சாவுக்கு. வாசல்ல நின்னு பாப்பேன், நீலம் தெரிஞ்சா ஊர்வலம் அப்படியே திரும்பிரும்.’ இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?”

“மெரட்டுறாங்களா?”

“பையனைப் பெத்தவங்க பாபா. மெரட்டத்தான் செய்வாங்க. நீங்க பொண்ணைக் குடுக்கிற எடத்துல இருக்கீங்க, ஆனா நிக்கிறது என்னவோ கவர்னர் மாதிரி நிக்கிறீங்க.”

லோக் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கிம் சுவான் இரண்டு மாதிரியிலும் நான்கு நான்கு டைலைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

முன்கதவில் துக்கத்துக்கு அடையாளமாக வெள்ளைக் காகிதம் குறுக்காக ஒட்டியிருந்தது. கூடத்தின் உள்கோடியில் அண்ணனின் படமும் அதன்முன் ஊதுவத்தியும் கஞ்சிக் கிண்ணமும் இருந்தன. வெறும் சுவர் அங்கே தொடங்கி, வாசல் பக்கத்தில் மணமக்கள் தங்கப்போகும் மணவறைக் கதவோரம் முடிந்தது. அந்தச் சுவரை ஒட்டி இரண்டு பூக்களையும் தரையில் சேர்த்து வைத்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டார்.

“என்சோ, கொஞ்சம் வாங்க.”

கெக் நியோ வந்தாள். தலை முதல் கால் வரை கறுப்பு. மார்பில் தங்க ஊசிகள் இருந்த இடத்தில் வெள்ளியும் முத்தும். தரையைப் பார்த்தாள். சிவப்பின்மேல் அவள் பார்வை ஒரு கணம்கூட நிற்கவில்லை.

“இது எதுக்கு இங்க?”

“கல்யாணத்துக்கு. சம்பந்தி வீட்டுல சொல்லிவிட்டுட்டாங்க.”

“உங்க அண்ணன் அங்க உக்காந்திருக்காரு.” அவள் படத்தைக் காட்டவில்லை. தலையை மட்டும் லேசாக அந்தப் பக்கம் அசைத்தாள்.

“கல்யாணம் நடக்கிற பன்னெண்டு நாளும் நீங்ககூடக் கறுப்பைக் கழட்டி வச்சுட்டுக் கலர்தானே கட்டப் போறீங்க? அதுக்கு வழக்கம் எடம் குடுக்குது. இதுக்கும் அதே கணக்குதான்.”

“பன்னெண்டாம் நாள் சாயங்காலம் நான் மறுபடி கறுப்பைக் கட்டிக்குவேன், என்செக்.” மகள் கூப்பிடுவதைப் போலவே அவளும் மைத்துனரைச் சிற்றப்பன் முறை வைத்து என்செக் என்றுதான் கூப்பிடுவாள். “சுவர் எதைக் கட்டிக்கும்? மூணு வருஷமும் சிவப்பா இளிச்சுக்கிட்டு நிக்குமா அவருக்கு எதிர்ல?”

“அப்ப நீலம்?”

“நீலம் வச்சா என் பொண்ணு கல்யாணம் நின்னுரும்.”

“சிவப்பும் கூடாது, நீலமும் கூடாதுன்னா நான் என்ன செய்யட்டும்? வெறும் சுவரைக் காட்டி மாப்பிள்ளையை உள்ள கூப்பிடவா? சான் குடும்பத்துக்கு ஒரு சுவர் பூச வக்கில்லன்னு ஊர் சிரிக்கட்டும்னு சொல்றீங்களா?”

கெக் நியோ அவரை நேராகப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

“சுவர் நல்லாத்தான் இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். நடுக்கூடத்துத் திரைக்குப் பின்னால் குவீ லான் நின்றிருந்ததை அப்போதுதான் கிம் சுவான் கவனித்தார். அவளும் தாயின் பின்னால் போனாள்.

வீட்டுக்கு இப்போது பெரிய ஆண்மகன் தான் ஒருவன்தான், முடிவும் தன்னுடையதுதான் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சிவப்பு என்று லோக்குக்கு ஆள் அனுப்பினார். நீளவாட்டில் நாற்பத்தைந்து, உயரவாட்டில் எட்டு. முந்நூற்று அறுபது டைல் வைக்கோல் திணித்த பெட்டிகளில் வந்து இறங்கின.

அறுபத்து மூன்றாம் நாள் காலை கொத்தனார் ஆ செங் வந்தான். சட்டியில் சுண்ணாம்பைக் குழைத்து, நூல் பிடித்து, உள்கோடியில் அண்ணன் படத்துக்குப் பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்கினான். கிம் சுவான் நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். சமையல்கட்டில் அம்மி சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. கெக் நியோ கூடத்துப் பக்கம் வரவேயில்லை. மத்தியானக் கஞ்சியை அண்ணன் படத்துக்கு முன்னால் வைக்கக்கூட மகளைத்தான் அனுப்பினாள்.

குவீ லான் கஞ்சியை வைத்தாள். பக்கத்தில் ஈரமாக மின்னிய சிவப்புப் பூவைப் பார்த்தாள்.

“அழகா இருக்கு என்செக்,” என்றாள். அவள் குரலில் அழகு எதுவும் இல்லை.

இரண்டு மணிவாக்கில் ஆ செங் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கீழ் இரண்டு வரிசை மணவறைக் கதவுவரை முடிந்திருந்தது.

“பாபா, இங்க ஒரு வில்லங்கம்.”

கிம் சுவான் போய்ப் பார்த்தார். இரண்டிரண்டு டைலாக அகலம் கட்டி வந்த பூ வரிசை இருபத்திரண்டு பூவோடு முடிந்து, கதவுச் சட்டத்தை ஒட்டி ஒற்றை டைல் அகலம் மிச்சமிருந்தது. அதில் அரைப் பூ நின்றது. நேர் பாதியாக வகிர்ந்த பூ, வெட்டுப்பட்ட பக்கம் மணவறையைப் பார்த்தபடி.

“நாற்பத்தஞ்சு ஒத்தைப்படை. நீங்க கணக்குப் பாக்கலையா?”

பார்த்தார். எத்தனை டைல் என்று பார்த்தார். எத்தனை பூ என்று பார்க்கவில்லை. அப்பா போட்ட பழைய டைலில் ஒவ்வொன்றிலும் ஒரு முழுப் பூ இருந்தது. எங்கே நிறுத்தினாலும் பூ உடையாது. நாற்பது வருடம் அந்தச் சுவரோடு வாழ்ந்தவருக்கு அந்த நினைப்பே வரவில்லை.

“மணவறை வாசல்ல அரைப் பூ! எந்தப் பொம்பளையாவது இதைப் பாத்துட்டு உள்ள போவாளா?” ஆ செங் தலையைச் சொறிந்தான். “வேணும்னா பேத்து எடுத்துட்டு இந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். அப்ப அரைப் பூ அந்தக் கோடிக்குப் போயிரும்.”

அந்தக் கோடியில் அண்ணன் இருந்தார்.

“நடுவுல ஆரம்பிச்சா?”

“ரெண்டு பக்கமும் கால் பூ வெட்டுப்படும். ரெண்டு பேருக்கும் பங்கு.”

“ஓரத்துக்குப் பூ இல்லாத பட்டை ஏதாவது?”

“தவுக்கேகிட்ட அது கிடையாது. இதுக்குச் சேர்ற பட்டை கப்பல்ல வரணும்.” ஆ செங் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினான். “சுண்ணாம்பு இறுகுது பாபா. வெட்டுப் பூ யார் பக்கம்னு சொல்லிட்டீங்கன்னா வேலையை முடிச்சிருவேன். பொண்ணு பக்கமா, அண்ணன் பக்கமா?”

கொத்தனார் கேட்ட கேள்விதான். ஆனால் அதைக் கேட்டதும் கிம் சுவான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு கோடியில் உயிரோடு இருப்பவள், மறு கோடியில் செத்தவர். யாரோ ஒருத்தருக்கு அரைப் பூவைக் கொடு என்று சுவர் கேட்கிறது. வெட்டியது மட்டும் எப்போதும் நான்தான் என்று நினைத்துக்கொண்டார்.

“பேத்துரு,” என்றார்.

“எந்தக் கோடியிலேர்ந்து?”

“எல்லாத்தையும்.”

“எல்லாத்தையுமா? பாபா, ரெண்டு வரிசை—”

“காது கேக்கலையா உனக்கு?”

ஆ செங் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து பெயர்க்கத் தொடங்கினான். ஈரச் சுண்ணாம்போடு டைல்கள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. அந்தச் சத்தம் கேட்டுக் கெக் நியோ சமையல்கட்டிலிருந்து நடுக்கூடம்வரை வந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு ரிக்‌ஷா வந்து நின்றன.

மகன் குடியிருக்கப்போகும் அறையைத் தாய் முன்னதாக வந்து பார்ப்பது வழக்கம்தான். ஆனால் ஓங் வீட்டம்மா மறுவாரம் வருவதாகத்தான் சொல்லியிருந்தாள். முன்னறிவிப்பில்லாமல் வந்தவள், துக்க வீட்டுப் படியை மிதிக்காமல் வாசலிலேயே விசிறியோடு நின்றாள். அவள் பின்னால் பிபிக் தியோ கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள், வாயில் வெற்றிலையை மெல்ல மறந்துபோனாள்.

“சிவப்பு ஒட்டியாச்சுன்னு பிபிக் சொன்னாங்களே,” என்றாள் ஓங் வீட்டம்மா. “சிவப்பெல்லாம் தரையில கிடக்கு. இது என்ன சுவர்?”

ஆ செங்கின் கை நின்றது. கிம் சுவான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்வரை நடந்தார். சுண்ணாம்பு வேலையில் ஒரு பிசகு, நாலு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்கூட அது வந்தது.

“நான் உடைச்ச சுவர்,” என்றார்.

“புரியல.”

“உங்க வீட்டு டைலைப் பாத்துட்டு வந்து, எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, அப்பா போட்ட சுவரை உடைச்சுப் போட்டேன். அவர் அதைப் பாத்துக்கிட்டேதான் செத்தார். இப்ப அவர் நூறு நாள் முடியறதுக்குள்ள, அவர் பொண்டாட்டிகிட்டயும் கேக்காம, சிவப்பை ஒட்ட வந்தேன். இனி ஒட்ட மாட்டேன். மூணு வருஷத் துக்கம் முடியட்டும். அதுவரைக்கும் இந்தச் சுவர் இப்படித்தான் இருக்கும்.”

பிபிக் தியோ தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ பாபா, உங்க வாயை வாடகைக்கு விட்டீங்களா என்ன? நாலு மாசமா நான் நடந்த நடை…”

ஓங் வீட்டம்மா விசிறியை மடித்தாள். “துணி போட்டாவது மறைப்பீங்களா?”

“மறைக்க மாட்டேன்.”

“என் பையன் மொட்டைச் சுவருக்கு முன்னாடி முட்டி போடணும். பாக்கிறவங்க என்ன சொல்வாங்க?”

“சான் வீட்டுச் சின்னவன் அவசரப்பட்டு உடைச்சான்னு சொல்வாங்க. உங்க பையனை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“கல்யாணம் எங்க வீட்டுல நடக்கட்டும்,” என்றாள் அவள், யோசித்து வைத்திருந்ததைப் போல. “பொண்ணு எங்ககூடவே இருக்கட்டும். எங்க சுவர்ல டைலுக்குக் குறைவில்ல.”

பெண் தன் வீட்டு வாசலில் முட்டி போட்டு வணங்காமல் ரிக்‌ஷா ஏறிப் போவதென்றால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண் வீட்டுக்கு மானம் போயிற்று. முன்பென்றால் கிம் சுவான் அந்த இடத்திலேயே சம்பந்தத்தை முறித்திருப்பார். வாய் திறந்தார். மூடினார். திரும்பி நடுக்கூடத்தைப் பார்த்தார்.

“என்சோ. நீங்க சொல்லுங்க.”

 அவர் தன்னிடம் கேட்கிறார் என்பது கெக் நியோவுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மகளின் தோளைத் தொட்டாள்.

“உன் அப்பா இருந்தா உன்னைத்தான் கேட்டிருப்பாரு. சொல்லு.”

கல்யாணம் நிச்சயமான பெண் மாமியாரை எதிர்கொண்டு பேசுவது வழக்கமில்லை. குவீ லான் திரையைவிட்டு வெளியே வந்தாள். தலையைக் குனிந்துதான் பேசினாள். குரல் குனியவில்லை.

“இந்தச் சுவர் ஓரமாத்தான் அப்பாவுக்குத் தலை துடைச்சுவிட்டேன், கஞ்சி குடுத்தேன். எனக்கு இதுல வெக்கமில்ல. எங்க அப்பா வாசல்ல கல்யாணம் நடக்கட்டும். அதுக்கப்புறம் எங்க கூப்பிட்டாலும் வர்றேன். வாசலே வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்.”

“பாத்தீங்களா, வாயை,” என்றாள் ஓங் வீட்டம்மா பிபிக்கிடம்.

“சின்னப் பொண்ணு, ஏதோ…” என்று பிபிக் தடுமாறினாள்.

“நீ சும்மா இரு.” ஓங் வீட்டம்மா பெண்ணை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அதற்கப்பால் படத்தையும் கஞ்சிக் கிண்ணத்தையும் பார்த்தாள். தெருவில் ஒரு மாட்டு வண்டி கடந்து போனது. 

“மூணு நாள்,” என்றாள் கடைசியில். “பன்னெண்டு இல்ல. மூணு நாள் என் பையன் இங்க வந்து இருப்பான். இந்த வாசல்ல, இந்தச் சுவருக்கு முன்னாடி முட்டி போட்டு வணங்கட்டும். நாலாம் நாள் காலையில பொண்ணு எங்க வீட்டுக்கு வந்துரணும், மாப்பிள்ளை இங்க குடியிருக்கிற பேச்சு இனி கிடையாது. இதுல ஒரு மணி நேரம்கூட மாத்த மாட்டேன்.”

மணமக்கள் வணங்கும் இடம் சான் வீட்டுக்கு. அதற்கப்புறம் வரும் வருடங்கள் அத்தனையும் ஓங் வீட்டம்மாவுக்கு. கிம் சுவான் மறுபடி அண்ணியின் பக்கம் திரும்பினார். கெக் நியோவின் கை மகளின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கையைப் பார்த்தபடியே காத்திருந்தார். கை தளர்ந்தது. அவள் தலையசைத்தாள்.

“சம்மதம்,” என்றார் கிம் சுவான். அறுபது வயதில் முதல்முறையாக இன்னொரு குடும்பத்துக்கு முன்னால் இடுப்பை வளைத்து வணங்கினார்.

ரிக்‌ஷாக்கள் போன பிறகு ஆ செங் மிச்சமிருந்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, கழுவிய டைல்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான். குவீ லான் உள்ளே போய்விட்டாள். 

“மூணு நாள்தானாம்,” என்றாள் கெக் நியோ. “அப்புறம் இந்த வீட்டுல நீங்களும் நானும்தான்.”

“என்னாலதான் என்சோ. சம்மதம்னு சொன்னதும் நான்தான்.”

“சம்மதிச்சது நான். நீங்க கேட்டீங்க, அவ்வளவுதான்.” அவள் வெள்ளி ஊசியைச் சரிசெய்துகொண்டாள். “போய் சமையல்காரனுக்குச் சொல்லுங்க. பன்னெண்டு நாளுக்குப் பன்றி சொல்லியிருக்கோம். அவன் வாங்கி வைக்கிறதுக்குள்ள போங்க.”

கிம் சுவான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். வெயில் இன்னும் தெருவில் இருந்தது.